மாயாவிக்கு மின்சாரம் கிடைக்காத ஊர்

இரும்புக்கை மாயாவி மறைவதற்கு மின்சாரம் வேண்டும். ஆய்வுகூட விபத்தொன்றில் வலது கையை இழந்து, அதற்குப் பதிலாக உருக்குக் கையைப் பூட்டிக்கொண்டவன் லூயிஸ் கிராண்டேல். உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவான்; உருக்குக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கொஞ்ச நேரத்தில் சக்தி தீர்ந்து மறுபடியும் தெரியத் தொடங்குவான். அதனால் கதை முழுவதும் அவன் எதிரியைத் தேடுகிற அளவுக்கு மின் இணைப்பையும் தேடிக்கொண்டிருப்பான்.

1990 ஜூனில் போர் மறுபடியும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுவரில் இருந்த சுவிச் வெறும் அலங்காரப் பொருள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து ஒரு சொட்டு எண்ணெயில் எரிகிற விளக்குத்தான் படிப்பதற்கு. அந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் மின்சாரத்தில் மறைகிற மனிதனின் கதையை நாங்கள் வாசித்தோம். மாயாவி கொக்குவிலுக்கு வந்தால் மறையவே மாட்டான் என்பது எங்கள் வீட்டில் ஒரு பழைய பகிடி.

அண்மையில் அம்மாவின் வீட்டு அறையை ஒதுக்கியபோது சின்னமாமாவின் றங்குப் பெட்டி மறுபடியும் வெளியே வந்தது. அதற்குள் 47 காமிக்ஸ் புத்தகங்களும் ஒரு சீ.ஆர். கொப்பியும் இருந்தன. வளர்ந்த ஒருவர் சின்ன வயதுப் புத்தகங்களைத் திரும்ப எடுக்கும்போது வழக்கமாக நடப்பது தெரியும்: படங்கள் சிறிதாகத் தெரியும், கதை சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், கொஞ்சம் ஏக்கம் வரும், மூடி வைத்துவிடுவோம். எங்களுடைய சேகரிப்புகளுக்கு இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. கதையை விட்டுவிட்டுப் புத்தகத்தையே வாசிக்கலாம். யாருடைய பெயர் அட்டையில் இருக்கிறது, எந்த இடத்தில் கிழிந்தது, எதைக் கொண்டு ஒட்டினார்கள், எந்த வருடத்தோடு நின்றது என்று பார்க்கலாம். வடக்கில் தப்பிய ஒரு காமிக்ஸ் பெட்டி, யாரும் திட்டமிடாமல் எழுதப்பட்ட போர்க்காலப் பதிவேடு.

சிவகாசியில் இருந்து வந்த பிரித்தானியர்கள்

முதலில் இந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். மாயாவியை உருவாக்கியவர்கள் பிரித்தானியர்கள். 1962இல் தொடங்கிய 'வேலியன்ற்' என்ற சிறுவர் வார இதழில் அது தொடராக வந்தது. முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு ரொம் ரல்லி. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். நிழலை அவ்வளவு கனமாகப் பயன்படுத்துகிற ஓவியர் என்பதால்தான், மலிவான தாளில் மை பரவிய பதிப்பிலும் அந்தப் படங்கள் உயிரோடு இருந்தன.

சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு லேபல் அச்சடிக்க வளர்ந்த அச்சுத் தொழில் பிறகு கலண்டர், அட்டைப்படம் என்று விரிந்தது. அந்த ஊரில் சௌந்தரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பிரித்தானியாவின் பிளீட்வே நிறுவனத்திடம் இருந்து உரிமை வாங்கித் தமிழாக்கிப் போட்டார்கள். 1984இல் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர், லக்கி லூக் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள். அதே 1984இல் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டுடன் தொடங்கி 2005 வரை வந்தது.

இதில் எங்களுக்கு ஒரு தீராத சண்டை இருந்தது. முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் உருக்குக் கைக்காரன். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட, கபாலக் குகையில் வாழ்கிற பாண்டம். அதே பாண்டம் முத்துவில் வேதாளர். 'மாயாவி புத்தகம் தா' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டாய் என்று திரும்பி வந்து சண்டை பிடித்தவர்கள் உண்டு. மாமாவின் கொப்பியில் இதற்காகவே 'கை மாயாவி', 'குதிரை மாயாவி' என்று பிரித்து எழுதியிருக்கிறார்.

இலங்கைக்கு இவை வந்த விதத்தில் எங்கள் அரசியலும் இருக்கிறது. 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ அரசாங்க காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற உள்ளூர் முயற்சிகள் வளர அது இடம் கொடுத்தது. சிங்களத்தில் சித்திரக்கதை இதழ்கள் பெரிய அலையாக எழுந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு இந்தியச் சஞ்சிகைகள் மறுபடியும் கடைகளில் தொங்கின. மாமாவின் தலைமுறை காமிக்ஸ் தலைமுறையானது அதனால்தான். உள்ளூர்ச் சித்திரக்கதை ஒன்று தமிழில் பெரிதாக வேர் பிடிக்காமல் போனதற்கும் அந்தத் திறப்பு ஒரு காரணம் என்பது என் எண்ணம். சிவகாசியின் விலையோடும் எண்ணிக்கையோடும் யாழ்ப்பாணத்து அச்சகம் போட்டி போட முடியாது.

கொப்பியில் இருப்பது

சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் '1985 தை' என்று இருக்கிறது. மாமாவுக்கு அப்போது 13 வயது. ஐந்து நிரல்கள்: நம்பர், புத்தகம், கொண்டுபோனவர், திகதி, திரும்பிய திகதி. ஒரு புத்தகத்துக்கு 25 சதம். பிந்தினால் நாளுக்கு 5 சதம். ஊர்ப் பெடியள் நடத்திய இரவல் நூலகம். வாசிகசாலையில் பத்திரிகை இருக்கும், நாவல் இருக்கும். காமிக்ஸைப் பெரியவர்கள் உள்ளே விடமாட்டார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பிறகு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கொப்பியைச் சம்பவங்களின் திகதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1987 ஒக்டோபர் 7இல் ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரி 1988 தை மாதத்தில். இடையில் ஒன்றும் இல்லை. ஒக்டோபர் 10இல் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை தொடங்கியது. கொக்குவில் பட்டது கொஞ்சமல்ல. 88 தையில் மறுபடி தொடங்கும்போது, அதுவரை புத்தகம் எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெயர்கள் வரவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று கொப்பி சொல்லாது. மாமாவிடம் தொலைபேசியில் கேட்டேன். ஒருவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர், ஒருவர் இயக்கத்துக்கு. மூன்றாவது பெயரைக் கேட்டதும் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, 'அது பிறகு சொல்லுறன்' என்றார்.

நான் எதிர்பாராதது 1990. ஜூனில் போர் தொடங்கியபோது வரிகள் குறையும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினால், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் முழுக் கொப்பியிலும் அதிகமான வரிகள் இருக்கின்றன. யோசித்தால் காரணம் எளிது. ரீ.வி. செத்துவிட்டது. பற்றரி தடைப் பட்டியலில் போய்விட்டதால் ரேடியோவும் பாதி செத்துவிட்டது. பள்ளிக்கூடம் ஒழுங்காக இல்லை. விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்க வேண்டும். அங்கே செய்ய ஒன்றுமில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஒரே புத்தகம் 11 பேரிடம் போய் வந்திருக்கிறது. பெருவிரல் படும் கீழ் மூலை அந்தப் புத்தகத்தில் கறுத்து, துணிபோல மெலிந்துபோயிருக்கிறது.

பதிவு செய்யப்பட்டவை மொத்தம் 112. கையில் இருப்பவை 47. அவற்றில் 1990க்குப் பிறகு அச்சானவை மூன்று மட்டும். பொருளாதாரத் தடை என்று பொதுவாகச் சொல்கிறோமே, ஒரு பிள்ளையின் பெட்டிக்குள் அது இப்படித்தான் பதிவாகியிருக்கிறது: வருடா வருடம் ஏறிக்கொண்டு வந்த இதழ் எண்கள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. புதியது வராததால் பழையதைப் பிழைக்க வைத்தார்கள். கழன்ற அட்டைகளைச் சாக்கு ஊசியால் தைத்திருக்கிறார்கள். கோதுமை மாப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு டெக்ஸ் புத்தகத்துக்கு உறையாகப் போட்டிருப்பது ஒரு பத்திரிகைப் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் நீல வரிகள் ஓடுகின்றன. அச்சுத் தாள் இல்லாமல் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கொப்பித்தாளில் அச்சான காலத்துப் பக்கம் அது. செய்தியில் பாதி பசையோடு போய்விட்டது. மீதியில் மண்ணெண்ணெய் விநியோகம் பற்றிய அறிவித்தல் தெரிகிறது. உறைக்குள் இருந்த கதையைவிட உறையைத்தான் நான் அதிக நேரம் வாசித்தேன்.

1991இல் மாமா கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போனார். பெட்டி எங்கள் பொறுப்புக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது றங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை. 1996இல் திரும்பி வந்தபோது பூட்டு உடைந்திருந்தது. மேலே இருந்த சேலைகளும் பித்தளைச் சாமான்களும் இல்லை. புத்தகங்கள் நிலத்தில் கொட்டிக் கிடந்தன. மழைத் தண்ணீர் பட்டவை போக மிஞ்சியவைதான் இந்த 47. யாருக்கும் பெறுமதியில்லாத பொருளாக இருந்ததால் தப்பியவை.

இப்போது வாசிக்கும்போது

கதைகளையும் வாசித்தேன், அதைச் சொல்லாமல் விட முடியாது.

முதலில் அந்தக் கை. சின்ன வயதில் எல்லோருக்கும் உருக்குக் கை வேண்டும். பேணித் தகரத்தை வெட்டிக் கையில் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறோம். இப்போது வாசிக்கையில் என் கண் போவது வேறு இடத்துக்கு. கிராண்டேல் தொடக்கத்தில் நல்லவன் இல்லை. வேலையிடத்தில் கையை இழந்த, மனம் கசந்த ஒரு ஆய்வுகூட உதவியாளன். சக்தி கிடைத்ததும் முதலில் களவுக்கும் நாச வேலைக்கும்தான் போகிறான். பிறகுதான் அரச உளவுப்படை அவனைத் தன் ஆளாக்கிக்கொள்கிறது. கையிழப்பின் வலியைக் கதை சில பக்கங்களில் கடந்துவிடுகிறது. அதன்பிறகு உருக்குக் கைக்குள் துப்பாக்கியும் ரேடியோவும் பொருத்துகிறார்கள். தழும்பு அரிப்பதில்லை, பொருத்திய இடம் புண்ணாவதில்லை. யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து ஜெய்ப்பூர் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் நிலையம் இயங்குகிறது. செயற்கை உறுப்போடு வாழ்கிறவர் இல்லாத ஊர் வடக்கில் இப்போது அபூர்வம். வெக்கையில் கழற்றி வைக்க வேண்டும், உடம்பு மெலிந்தால் அளவு பிழைக்கும், சில வருடங்களில் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் சாதாரணப் பேச்சு. இதற்காகக் கதையைக் குறை சொல்லத் தோன்றவில்லை. லண்டன் சிறுவர்களுக்காக எழுதப்பட்டது அது. எங்கள் ஊரில் அதைத் திறக்கும்போது எங்கள் ஊரும் சேர்ந்து திறந்துவிடுகிறது.

அடுத்தது சத்தம். சிவகாசிக் காமிக்ஸில் துப்பாக்கி எப்போதும் 'டுமீல்' என்றுதான் வெடிக்கும். கைத்துப்பாக்கியும் 'டுமீல்', ரைபிளும் 'டுமீல்'. எங்கள் காது அதைவிடக் கெட்டிக்காரக் காது. எறிவது எங்கே, விழுவது எங்கே என்று ஷெல்லின் சத்தத்தில் பிரித்தறிவோம். மேலே வருவது சகடையா பொம்மரா ஹெலியா என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லும். அதனால் 'டுமீல்' எங்களுக்குப் பயமே தராத சொல்லாக இருந்தது. அதைச் சொல்லிச் சிரிப்போம். போர் நடக்கிற ஊரில் பிள்ளைகள் சண்டைக் கதையை ஏன் விரும்பி வாசித்தார்கள் என்று கொழும்பு நண்பர் ஒருவர் கேட்டார். அந்தச் சண்டையில் சத்தம் பொய்யாக இருந்தது, கடைசிப் பக்கம் நிச்சயமாக இருந்தது என்று சொன்னேன்.

டெக்ஸ் வில்லரை இப்போதுதான் சரியாக வாசித்ததுபோல இருக்கிறது. இத்தாலியில் 1948இல் ஜான் லூயிஜி பொனெல்லி எழுத, கலெப்பினி வரைந்து உருவான கௌபாய். அமெரிக்க ரேஞ்சரான டெக்ஸ், நவஹோ பழங்குடித் தலைவரின் மகளை மணந்து, பிறகு தானே அந்த மக்களின் தலைவனாகிறான். தமிழில் அவன் 'இரவுக் கழுகு'. சின்ன வயதில் நான் பார்த்தது குதிரையையும் தொப்பியையும். இப்போது பார்ப்பது எல்லைக்கல்லையும் ஒப்பந்தத்தையும். ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் யார் வரலாம், இராணுவக் கோட்டை எங்கே, இறைச்சியும் மாவும் ஒழுங்காகக் கொடுக்காமல் கொள்ளையடிக்கிற அதிகாரி யார் என்று கதைக்குக் கதை வந்துகொண்டே இருக்கிறது. நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் இதை எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று யோசித்தேன். கவனித்திருப்போம், பெயர் சொல்லத் தெரிந்திருக்காது.

நவஹோக்களின் உண்மை வரலாறு காமிக்ஸைவிடக் கடுமையானது. 1864இல் அமெரிக்க இராணுவம் அவர்களின் பயிரையும் பழத்தோட்டங்களையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடத்திக் கொண்டுபோய் நியூ மெக்சிகோவின் பொஸ்கே றெடொண்டோ என்ற இடத்தில் அடைத்து வைத்தது. வழியிலும் முகாமிலும் பலர் இறந்தார்கள். நவஹோக்கள் அதை 'நீண்ட நடை' என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1868இல் ஒப்பந்தம் எழுதிச் சொந்த நிலத்தின் ஒரு பகுதிக்குத் திரும்பினார்கள். இடம்பெயர்த்தப்பட்டு, அடைக்கப்பட்டு, பாதி நிலத்துக்குத் திரும்பிய ஒரு மக்களின் தலைவனை நாங்கள் இத்தாலியர்களின் கற்பனையில், சிவகாசித் தமிழில், கொக்குவிலில் வாசித்திருக்கிறோம். அவன் வெள்ளையனாக இருந்தால்தான் அந்த மக்களைக் காப்பாற்ற முடியும் என்பது கதையின் கோணல்.

பாண்டத்தில் இந்தக் கோணல் இன்னும் மோசம். லீ ஃபால்க் 1936இல் உருவாக்கிய அந்த வீரன், தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டு மக்களுக்கு மேலே சிம்மாசனத்தில் இருக்கும் வெள்ளைக்காரன். கறுத்தவர்கள் வியந்து பார்ப்பதற்காக மட்டும் வரையப்பட்டிருக்கிறார்கள். இந்த 47இல் திரும்ப வாசிக்கச் சலிப்பாக இருந்தவை இவைதான்.

எங்களைப் பற்றிய ஒரு சித்திரக்கதைகூடப் பெட்டியில் இல்லை. சித்திரத்தில் நாங்கள் வந்தது சிரித்திரனில். சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் 1960களில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த அந்த இதழில் சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் எங்கள் பேச்சிலேயே பேசினார்கள். ஆனால் அது பெரியவர்களுக்கான நகைச்சுவை. ஒரு பிள்ளை தன் பங்கரை, தன் முகாமைப் படமாகப் பார்க்கிற புத்தகம் அப்போது இல்லை. வன்னிக் குடும்பமொன்றின் கதையைச் சொல்லும் 'வன்னி' என்ற ஆங்கிலச் சித்திர நாவல் 2019இல் வந்தது, ஐ.நா.வுக்காக வன்னியில் வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சி பொலொக் வரைந்தது. நல்ல புத்தகம். அதை ஆங்கிலத்தில், வெளியே இருந்து வந்த ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் இந்தப் பெட்டிக் கதையின் தொடர்ச்சிதான்.

எதை வைத்துக்கொள்வது

பழைய காமிக்ஸுக்கு இப்போது சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் 70, 80களின் இதழ்களுக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். எங்கள் பக்கமும் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கிறுக்கல் இல்லாத, அட்டை கழலாத, பெயர் எழுதாத பிரதி. அதாவது எங்களுக்குப் பெறுமதியான எல்லாமே அவர்களுக்குக் குறை. விற்பதற்கு முன் பெயர் எழுதிய பக்கத்தை அழிறப்பரால் தேய்த்துச் சுத்தமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கதைகள் அழிந்துவிடும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சில வருட தளர்ச்சிக்குப் பிறகு லயனும் முத்துவும் 2012இல் நல்ல தாளில், வண்ணத்தில் புது வேகத்தோடு வரத் தொடங்கின. பழைய மாயாவி கதைகளும் மறுபதிப்பாகின்றன. பிரித்தானியாவில் பழைய பிளீட்வே கதைகளின் உரிமையை வாங்கிய றிபெலியன் நிறுவனம் மாயாவியின் மூலக் கதையையும் மறுபடி அச்சிட்டிருக்கிறது. திரும்பக் கிடைக்காதது எங்கள் பிரதி. 11 பேர் எடுத்த மூலை, கொப்பித்தாள் உறை, பெயர்ப் பட்டியல்.

அவற்றுக்கு ஆயுள் குறைவு. மலிவான அச்சுத்தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட அது மஞ்சளாகி, அமிலமாகி, தாளை உள்ளே இருந்தே நொறுக்கும். மடித்த இடத்தில்தான் முதலில் உடையும். கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மாப் பசை பூச்சியை அழைக்கும். இவற்றோடு எங்கள் மாரிகால ஈரமும் கறையானும். செல்லோடேப் ஒட்டுவதும் லமினேற் பண்ணுவதும் உதவி என்று நினைத்துச் செய்கிற கேடு: டேப்பின் பசை சில வருடங்களில் தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாகும், லமினேற் செய்தால் திரும்ப எடுக்க முடியாது. நிலத்தில் இருந்து உயர்த்தி, சுவரில் முட்டாமல், வெயில் படாத இடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. துருப்பிடித்த கம்பியை மெதுவாக நிமிர்த்திக் கழற்றி, பருத்தி நூலால் தைக்கலாம். பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டவிட்ட ஈரப் புத்தகத்தை வெயிலில் காயவைக்காமல், நிழலில் காற்றோட்டமாக விரிக்க வேண்டும்.

அதைவிட அவசரமானது படம் எடுப்பது. கைத்தொலைபேசி போதும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், புத்தகத்துக்கு நேர் மேலே பிடித்து எடுக்கலாம். முழுக் கதையையும் எடுத்து இணையத்தில் போடக் கூடாது. கதையின் உரிமை எங்களுடையது அல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இலங்கைத் தமிழ் எழுத்துகளை ஆயிரக்கணக்கில் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. அங்கே சிரித்திரனை வாசிக்கலாம். சிவகாசிக் காமிக்ஸ் எங்கள் எழுத்து இல்லை என்பதால் எந்தச் சேகரத்தின் பட்டியலுக்குள்ளும் இலகுவில் வராது. ஆனால் உள்ளட்டையில் எழுதிய பெயர்கள், இரவல் கொப்பி, ஓரத்தில் எழுதிய கணக்கு, உறைத்தாள் ஆகியவை எங்கள் கையெழுத்து. அவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அங்கே உள்ள மனிதர்களுடைய அனுமதியைத் தவிர. அது சின்ன விசயம் இல்லை. அந்தப் பெயர்களில் சிலர் இயக்கத்தில் இருந்தவர்கள், சிலர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கும் கையெழுத்து அங்கே இருக்கலாம். பொதுவில் போடுவதற்கு முன் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும்.

மாமாவின் கொப்பியில் கடைசிப் பக்கம் வேறு தலைப்பில் இருக்கிறது: 'நாங்கள் வாங்கினது'. அவர் மற்றவர்களிடம் இரவல் வாங்கியவை. ஒன்பது வரிகளில் எட்டுக்குத் திரும்பிய திகதி இருக்கிறது. ஒன்பதாவது, 1990 செப்ரெம்பரில் சோனகத்தெருவைச் சேர்ந்த வகுப்பு நண்பர் ஒருவரிடம் வாங்கிய ஸ்பைடர் புத்தகம். திரும்பிய திகதி வெறுமையாக இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். நகையும் காசும் வீட்டுச் சாமானும் பறிக்கப்பட்டுத்தான் அவர்கள் போனார்கள். 95இல் நாங்கள் பாலம் தாண்டியது அதற்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே திகதியில். எங்கள் இடம்பெயர்வை நாங்கள் சொல்லாத வருடமில்லை. மற்றதைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஸ்பைடர் புத்தகம் இந்த 47இல் ஒன்று. உள்ளட்டையில் நீல மையில் பெயரும் வகுப்பும் அப்படியே இருக்கின்றன.

புத்தளத்தில் இருக்கும் பத்திரிகை நண்பர் மூலம் இரண்டு கிழமையில் ஆளைக் கண்டுபிடித்தோம். உள்ளட்டையின் படத்தை அனுப்பி, புத்தகத்தைக் கொண்டுவந்து தரலாமா என்று மாமா கேட்டார். கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் அந்தப் புத்தகம் நினைவில் இல்லை என்று அவர் பதில் எழுதினார். அவருக்கு நினைவிருந்தது வேறு. தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த மற்றப் புத்தகங்கள், அன்று காலையில் வாசலில் காயப்போட்ட ஒரு மாயாவி. அந்த மாயாவியை யாராவது எடுத்து வைத்தார்களா என்று கேட்டார். நானும் மாமாவும் வீடியோ அழைப்பில் 47ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளட்டையைப் பார்த்தோம். அது இல்லை.